பொட்டலத்தில் வந்த கழுதை

வஹிதா அரைப் பரீட்சையில் இங்கிலீஷுக்கு நூற்றுக்குப் பதினொன்று வாங்கி வந்த அன்று, அவளுடைய அப்பா அப்துல் கனி ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் பள்ளிக்கூடத்தை நம்பிப் பிரயோஜனமில்லை, வீட்டில் இங்கிலீஷைத் தானே கையில் எடுத்துக்கொள்வது என்பது அந்த முடிவு.

காரிமங்கலத்தில் பழைய பேப்பர் வியாபாரம் செய்கிற ஒருவர் எடுக்கக்கூடிய முடிவா இது என்று கேட்கலாம். அப்துல் கனி எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவர். அந்த 'வரைக்கும்' என்பதற்குள் என்ன இருக்கிறது என்று ஊரில் யாரும் கிளறிப் பார்த்ததில்லை. கிளறியிருந்தால், மற்ற பாடங்களிலெல்லாம் தேறிவிட்டு இங்கிலீஷுக்கு மட்டும் மூன்று தடவை போய் உட்கார்ந்து, மூன்று தடவையும் வெறுமனே எழுந்து வந்த கதை வெளியே வந்திருக்கும். மனைவி அஸ்கரி பேகத்திடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. அஸ்கரியும் தனக்குத் தெரியும் என்று சொன்னதில்லை.

அந்த வீட்டில் பேச்சு உருதுவில். சண்டை மட்டும் தமிழில். உருதுவில் சண்டை போட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற முனியம்மாளுக்குப் புரியாது, நியாயம் சொல்ல ஆள் கிடைக்காது என்பது அஸ்கரியின் கட்சி. ஆகவே இந்தக் கதையில் வருகிற பேச்செல்லாம் தமிழில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

வஹிதா அப்போது ஐந்தாவது. அவள் தங்கை ஷம்ஷாத் மூன்றாவது. எழுபதாம் வருஷம் ஜனவரி. வஹிதாவை ஜூனில் ஹைஸ்கூலில் சேர்த்தாக வேண்டும் என்று அஸ்கரி மனதில் குறித்து வைத்திருந்தாள். அதே வாரம் தருமபுரியிலிருந்து வந்திருந்த அப்துல் கனியின் அக்கா ஜான் பீ, பொம்பளைப் பிள்ளைக்கு அஞ்சாவது தாராளம், பதினொரு மார்க்குக்கு ஹைஸ்கூல் எதற்கு என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அப்துல் கனி அக்கா எடுத்து வளர்த்த தம்பி. அக்காவிடமும் பயம், மனைவியிடமும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை கண்டுபிடித்தார். ஏப்ரலில் பள்ளிக்கூடம் மூடுகிறபோது, அக்காவையும் உட்கார வைத்துக்கொண்டு, அவரே இருபது இங்கிலீஷ் வார்த்தைக்கு எழுத்துக் கேட்பார். பதினெட்டு சரியாகச் சொன்னால் ஹைஸ்கூல். இல்லாவிட்டால் வீடு.

இதை அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அறிவித்தார். அஸ்கரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் "சரிங்க" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி வந்ததில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வகுப்பு ஆரம்பமானது. ஒரு பலகைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தாயிற்று. புது ஸ்கேல் வாங்கியாயிற்று. தினம் பத்து வார்த்தை. தப்பாகச் சொன்னால் ஐம்பது தடவை எழுத வேண்டும். முதல் நாள் பட்டியலில் நெசசரி, லெஃப்டினன்ட், கமிட்டி, சைக்காலஜி என்று இருந்தன. எல்லாம் அவர் பழைய எதிரிகள். பரீட்சை ஹாலில் தன்னை மூன்று தடவை கீழே தள்ளியவர்களை வரிசையாக நிறுத்தி, போய் ஜெயித்துவிட்டு வாருங்கள் என்று பாவாடை கட்டிய இரண்டு சிறுமிகளை அனுப்பினார் மனுஷர்.

வஹிதா நெசசரியை ஐம்பது தடவை எழுதினாள். அந்த ஐம்பதுக்குள் நாலு விதமான நெசசரி இருந்தது. ஷம்ஷாத்துக்கு ஏழு மணியானால் வயிற்று வலி வந்தது. எட்டு மணிக்கு ரொட்டியைக் கண்டால் போய்விட்டது. ஒருநாள் அவள் பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, லெஃப்டினன்டில் எஃப் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அப்துல் கனி பார்த்தார். கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். எங்கும் எஃப் இல்லை.

"எஃப் லீவுல போயிருக்குது. இருக்கற மாதிரி நெனச்சுப் படி" என்றார்.

ஷம்ஷாத் அவரைப் பார்த்த பார்வை, எடையில் குறைத்துப் போடுகிற கடைக்காரரைப் பார்க்கிற பார்வையாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் பெங்களூரிலிருந்து ஒரு லாரிப் பேப்பர் வந்தது. கன்டோன்மென்ட் பக்கம் யாரோ வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனவர்கள் போட்ட சரக்கு. பேப்பரை ரகம் பிரிப்பது அஸ்கரியின் வேலை. தினசரி தனி, நோட்டு தனி, அட்டை தனி. பிரித்துக்கொண்டே வந்தவள் கையில் கனமான ஒரு கதைப் புத்தகம் அகப்பட்டது. அட்டை கிழிந்திருந்தது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் படம். ஒரு கழுதை, முதுகில் மூன்றடுக்கு கேக்கைச் சுமந்துகொண்டு நடந்துபோகிறது. அஸ்கரி அதைப் பெண்களிடம் கொடுத்தாள்.

மத்தியானம் கடையிலிருந்து வீட்டுக்குள் வந்த அப்துல் கனிக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. இங்கிலீஷும் சிரிப்பும் ஒரே அறையிலிருந்து வருவதை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பெண்கள் இருவரும் தரையில் குப்புறப் படுத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கழுதையின் பெயர் டோபியாஸ். அவர்கள் அதைத் தொப்பியாஸ் என்று படித்துவிட்டுப் புரண்டு புரண்டு சிரித்தார்கள்.

கதை படித்தால் கதைதான் வரும், ஸ்பெல்லிங் வராது, ஸ்பெல்லிங்கை ஸ்பெல்லிங்காகத்தான் படிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தூக்கித் தராசில் போட்டார். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருந்தது. அன்று சாயங்காலமே மற்றப் பேப்பரோடு சேர்ந்து அது மாது மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போய்விட்டது. ஷம்ஷாத் விளக்கு வைக்கிற வரைக்கும் அழுதாள். தமிழ்ச் சத்தம் வரும் என்று வேலி ஓரமாக வந்து நின்ற முனியம்மாள் ஏமாந்து திரும்பினாள்.

மறுநாள் அப்துல் கனி சரக்கு எடுக்கக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறியதும் அஸ்கரி மாது கடைக்குப் போனாள். அந்தக் கழுதைப் புத்தகத்தைத் தனியாக எடுத்துக் கல்லாவுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். அதிலிருந்து வேறு யாருக்கும் கட்டக் கூடாது. தன் வீட்டுக்கு வாங்குகிற சாமானை மட்டும் மேலிருந்து வரிசையாகத் தினம் ஒரே ஒரு தாளில் கட்டித் தர வேண்டும்.

மாதுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுக்குக்கா இத்தனை சுத்து. புஸ்தகத்தையே எடுத்துக்கிட்டுப் போயிருங்களேன்" என்றான்.

"வூட்டுக்குக் கொண்டுபோனா அவரு மறுபடியும் தராசுல போடுவாரு. அதுவுமில்லாம, புஸ்தகமாக் குடுத்தா ரெண்டு நாள்ல சலிச்சுரும். பொட்டலத்துல வந்தா நாளைக்கு என்ன வரும்னு காத்துக்கிட்டிருக்குமில்ல?"

மாது பேப்பர்க் கட்டுக்குள் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தான். பிறகு முதல் தாளைக் கிழித்து நூறு கிராம் தனியாவைக் கட்டிக் கொடுத்தான்.

அதுவரைக்கும் அந்த வீட்டுப் பெண்களைக் கடைக்கு அனுப்புவதற்குள் அஸ்கரிக்குத் தொண்டை வற்றிவிடும். இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு, நான்தான் போவேன் என்று இருவரும் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் ஷம்ஷாத் சீரகத்தைப் பாவாடை மடியில் கொட்டிக்கொண்டு, தாளைப் படித்தபடியே தெருவில் நடந்து வந்து மாட்டு வண்டியில் இடித்துக்கொண்டாள். முன்பெல்லாம் சந்தையில் மாதத்துக்கு மொத்தமாக வாங்குகிற அஸ்கரி, இப்போது தினம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதை அப்துல் கனியும் கவனித்தார். கேட்டதற்கு, மொத்தமாக வாங்கினால் வண்டு விழுகிறது என்றாள். மனைவிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

அடுப்படியில் நடந்தது அவருக்குத் தெரியாது. வஹிதா தாளை நீவி விட்டு எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஷம்ஷாத் படத்தைப் பார்த்து அர்த்தம் சொல்லுவாள். அஸ்கரி தமிழ் மட்டும் ஐந்தாவது வரை படித்தவள். அவளுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்தும் வராது. ஆனால் கேள்வி கேட்க வரும். அப்புறம் என்ன ஆகும்? கழுதை ஆற்றை எப்படித் தாண்டும்? நீங்கள் இரண்டு பேரும் நாளைக்கு என்ன வரும் என்று இங்கிலீஷில் எழுதி வையுங்கள், தாள் வந்ததும் யார் சொன்னது சரி என்று ஒத்துப் பார்க்கலாம் என்பாள்.

எழுதுவதென்றால் எழுத்து வேண்டும். பாலம் என்று எழுத, எட்டு நாளைக்கு முன்னால் புளி கட்டி வந்த தாளைத் தேட வேண்டியிருந்தது. திருடன் என்று எழுத மிளகாய்த் தாளைத் தேட வேண்டியிருந்தது. அதில் ஐ முன்னாலா இ முன்னாலா என்று அக்காவும் தங்கையும் அடித்துக்கொண்டார்கள். கத்திக்கு இங்கிலீஷில் முன்னால் ஒரு கே இருப்பதைக் கண்டு ஷம்ஷாத்துக்குக் கோபம் வந்துவிட்டது. வாயைத் திறக்காத எழுத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டாள்.

"கல்யாணத்துல மாப்பிள்ளையோட பாட்டனாரு ஒருத்தரு முன்வரிசையில உட்கார்ந்திருப்பாரில்ல. பேச மாட்டாரு, கொள்ள மாட்டாரு. ஆனா அவரு வரலைன்னா கல்யாணம் நடக்குமா?" என்றாள் அஸ்கரி.

அன்றிலிருந்து அந்த எழுத்துக்குப் பாட்டனார் கே என்று பெயர். கலங்கரை விளக்கத்துக்கான வார்த்தையில் ஜியும் ஹெச்சும் சேர்ந்து பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, இந்தக் கல்யாணத்துக்கு இரண்டு பாட்டனார் என்று ஷம்ஷாத் கண்டுபிடித்தாள். பிறகு அந்த வார்த்தையை அவள் மறக்கவேயில்லை.

காலை ஏழு மணி வகுப்பும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஷம்ஷாத்துக்கு வயிற்று வலி நின்றுவிட்டது. பெண்கள் சீக்கிரம் எழுதிவிட்டு எழுந்து போனார்கள். எல்லாம் ஸ்கேலின் மகிமை என்று அப்துல் கனி டீக்கடையில் சொல்லிக்கொண்டார்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சந்தை நாள். கடையை விட்டு நகர முடியாத அவருக்கு அஸ்கரி வறுத்த வேர்க்கடலை கொடுத்தனுப்பினாள். எந்தத் தாளில் கட்டுவது என்று அவள் நாலைந்து நாளாகப் பார்த்திருந்து, புதிதாக வந்த தாளில்தான் கட்டினாள். அப்துல் கனி கடலையைத் தின்று முடித்துவிட்டு, தொழில் பழக்கத்தில் தாளை முழங்காலில் வைத்து நீவினார். கழுதை இருந்தது. நாம் தராசில் போட்ட கழுதைதான் இது என்று அடையாளம் தெரிந்தது. கீழே நாலைந்து வரி. சும்மா கண்ணை ஓட்டினார்.

கழுதை உடைந்த பாலத்தின் நடுவில் நிற்கிறது. கீழே வெள்ளம். சுற்றிலும் யாரும் இல்லை. அப்போது அதன் முதுகில் இருந்த கல்யாண கேக்குக்கு உள்ளேயிருந்து டொக் டொக் என்று யாரோ தட்டுகிறார்கள்.

தாள் அதோடு முடிந்தது. அவர் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் அதற்கு முந்திய கதை. கேக்குக்குள் யார் இருப்பார்கள்? எதற்குத் தட்டுகிறார்கள்? அன்று சாயங்காலம் வரை அவருக்கு வியாபாரத்தில் மனம் போகவில்லை. ஒரு பேப்பர்க் கட்டை இரண்டு தடவை நிறுத்து, இரண்டு தடவையும் வேறு வேறு எடை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு வெல்லம் எந்தப் பேப்பரில் கட்டி வந்தது என்று பொதுவாக விசாரித்தார். அஸ்கரி ஆச்சரியப்பட்டாள். பொட்டலத் தாளையெல்லாம் யார் பத்திரம் பண்ணி வைப்பார்கள், அடுப்பில் போயிருக்கும் என்றாள்.

மறுநாள் மத்தியானம் அப்துல் கனி மாது கடையில் நின்றார். பத்து வருஷத்தில் அவர் அந்தக் கடைக்குச் சரக்குப் போட வந்திருக்கிறாரே தவிர வாங்க வந்ததில்லை.

"என்ன வேணுங்க பாய்?" என்றான் மாது.

அதை அவர் யோசித்து வந்திருக்கவில்லை. முன்னால் கண்ணில் பட்டதைப் பார்த்து "கடுகு" என்றார்.

மாது வேறொன்றும் கேட்காமல் கல்லாவுக்கு அடியில் கையை விட்டு ஒரு தாளை எடுத்தான். அவனுக்கு முந்தின நாளே சொல்லி வைத்திருந்தது. தினம் ஒரு தாள், அவரே வந்தாலும் ஒரு தாள்தான்.

கேக்குக்குள் இருந்தவன் திருடன். கேக்கைக் குடைந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறான். கேக் போய்ச் சேரப்போவது ஒரு தீவுக்கு. அங்கே கலங்கரை விளக்கத்தில் இருக்கிற கேப்டனுக்குக் கல்யாணம். திருடன் கையில் கத்தி. இது கழுதைக்குத் தெரியும். ஆனால் அதனால் சொல்ல முடியாது. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேக்கைப் புகழ்கிறார்கள், கழுதையைத் திட்டுகிறார்கள். எல்லா விஷயமும் தெரிந்தும் வாயைத் திறக்க வழியில்லாத அந்த ஜீவனின் மேல் அப்துல் கனிக்குத் தனியாக ஒரு பாசம் விழுந்துவிட்டது. அந்தக் கழுதையின் நிலைமையை அந்த ஊரில் அவரைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர் யாருமில்லை.

அதன் பிறகு கடைக்குப் போகிற வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். பெண்களைத் தெருவில் அலைய விடக் கூடாது என்று காரணம் சொன்னார். தினம் மத்தியானம் ஒரு பொட்டலம். பேப்பர்க் கட்டுகளின் மேல் உட்கார்ந்து, சாமானை ஒரு டப்பாவில் கொட்டிவிட்டுத் தாளைப் படிப்பார். படித்து முடித்ததும் முன்பு போலவே கட்டி, ஒன்றும் தெரியாத முகத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். வாசலில் இரண்டு பெண்களும் அவருக்காகக் காத்து நிற்பார்கள். அப்பா மேல் எவ்வளவு பிரியம் என்று அவர் மனம் குளிர்ந்தது. யோசனையில்லாமல் வாயில் வந்ததைக் கேட்டு வாங்கியதில் வீட்டில் கடுகு மட்டும் மூன்று டப்பா சேர்ந்தது.

புரியாத வார்த்தை வந்தால் அதற்கும் வழி வைத்திருந்தார். காலை வகுப்பில் ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு, லான்டர்ன் என்றால் என்ன, சொல் பார்க்கலாம் என்பார். அரிக்கேன் விளக்கு என்பாள் வஹிதா. சரி என்று தலையசைத்து, அதை அப்படியே மனதில் போட்டுக்கொள்வார்.

மார்ச்சில் ஒருநாள் ஒரு தாளை முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், நடுவில் எங்கேயும் நிற்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. பள்ளிக்கூட நாளில் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தாலே அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். கையை விரித்துப் பார்த்தார். கொஞ்சம் மஞ்சள்தூள் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லக் கூடிய ஒரே ஆள் அஸ்கரி. அவளிடம் எப்படிச் சொல்வது? தாளை மடித்துக் கட்டி எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஏப்ரல் வந்தது. கதை முடிகிற இடத்துக்கு வந்திருந்தது. திருடன் கேக்கைப் பிளந்துகொண்டு எழுந்து, கேப்டனின் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டான். எல்லாரும் சிலையாக நிற்கிறார்கள். கழுதை வாசலில் நிற்கிறது. மறுநாள் போனால் தாள் தீர்ந்துவிட்டது என்று மாது கையை விரித்தான். நாலு நாள் போய் நாலு சாமான் வாங்கியும் வேறு பேப்பர்தான் கிடைத்தது.

அந்த வேதனையோடுதான் பரீட்சை நாளும் வந்தது. ஜான் பீ காலைப் பஸ்ஸில் வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டாள். அப்துல் கனி முந்தின நாளே கிடங்கில் தனியாக உட்கார்ந்து இருபது வார்த்தையும் எழுதி மடித்துச் சட்டைப்பையில் போட்டிருந்தார். யாருக்கும் காட்டவில்லை. பெற்ற அப்பன் சலுகை காட்டினான் என்று அக்கா சொல்லிவிடக் கூடாதே என்று, பழைய எதிரிகளில் இரண்டு பேரை முதலில் நிறுத்தினார். மற்றப் பதினெட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். கோணல்மாணலான வார்த்தைகள் மடமடவென்று வந்து விழுந்தன. தனக்கு இவ்வளவு இங்கிலீஷ் தெரியுமா என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

வஹிதா ரிப்பன் கட்டிய சடையோடு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் அப்துல் கனி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அக்கா முன்னால் சீட்டை மாற்றவும் வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

நெசசரி. வஹிதா ஒரு சி-யைக் கூடப் போட்டு, ஒரு எஸ்ஸைக் குறைத்தாள். தப்பு. லெஃப்டினன்ட். லீவில் போயிருந்த எஃப்பைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தப்பு. ஜான் பீ இரண்டு பாக்கை எடுத்து ஒரு பக்கமாக வைத்தாள். இன்னும் ஒரே ஒரு பாக்கு வைத்தால் முடிந்தது. அஸ்கரி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று கை விரல்களை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டிருந்தாள்.

அப்துல் கனி மூன்றாவது வார்த்தையைப் படித்தார். நைஃப்.

வஹிதா நிமிர்ந்து பார்த்தாள். "கே, என், ஐ, எஃப், இ" என்றாள். பின்னால் ஷம்ஷாத் களுக்கென்று சிரித்தாள்.

அடுத்தது பாலம். வஹிதா நடுவில் ஒளிந்திருக்கிற டி-யை விடாமல் பிடித்துச் சொன்னாள். திருடன், கேப்டன், கல்யாணம், பிஸ்கட், அரிக்கேன் விளக்கு என்று வரிசையாக வந்தன. கேட்கக் கேட்க அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. கலங்கரை விளக்கத்தைக் கேட்டபோது ஷம்ஷாத் பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உருண்டாள். எதற்கு இந்தச் சிரிப்பு என்று அப்துல் கனிக்குப் புரியவில்லை. பத்தொன்பது வார்த்தை முடிந்தது. பாக்கு இரண்டோடு நின்றது. இருபதாவது, தீவு.

"ஐ, எஸ், எல், ஏ, என், டி" என்றாள் வஹிதா.

அப்துல் கனி சீட்டைப் பார்த்தார். அதில் எஸ் இல்லை. மெதுவாக, "தப்பும்மா" என்றார். ஜான் பீ மூன்றாவது பாக்கைக் கையில் எடுத்தாள்.

"இல்லைப்பா, சரிதான்" என்றாள் வஹிதா. அவள் விடவில்லை. "நடுவுல எஸ் இருக்குது. பேசாது. சும்மா உட்கார்ந்திருக்கும்."

தப்பு என்றால் தப்புதான், பிள்ளை அப்பனுக்குப் பாடம் சொல்வதா என்று ஜான் பீ ஆரம்பிப்பதற்குள் அஸ்கரி உள்ளே போய்த் திரும்பி வந்தாள். கையில் ஒரு புத்தகம். அறுபத்துச் சொச்சம் தாளும் வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்திருந்தது. திறந்ததும் தனியாவும் பெருங்காயமும் மிளகாயும் சேர்ந்து வாசம் வந்தது. ஜான் பீக்கு இரண்டு தும்மல் வந்தது. அஸ்கரி அதை வஹிதாவிடம் கொடுத்தாள். வஹிதா மஞ்சள் கறை படிந்த தாளைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினாள்.

அந்தத் தாளை அப்துல் கனி இரண்டு தடவை படித்திருந்தார். ஐக்கும் எல்லுக்கும் நடுவில் எஸ் நிதானமாக உட்கார்ந்திருந்தது.

"சரி" என்றார். பிறகு கொஞ்சம் உரக்க, அக்காவைப் பார்த்து, "பதினெட்டு சரி" என்றார். அவர் குரலில் இருந்தது தோல்வி மாதிரி இல்லை. ஜான் பீ பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள். சற்று நேரம் மென்றுவிட்டு, அந்தக் கழுதை எதற்காக அவ்வளவு பெரிய கேக்கைச் சுமந்துகொண்டு போகிறது என்று ஷம்ஷாத்தைக் கேட்டாள். ஷம்ஷாத் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறி அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்துல் கனிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எட்டிப் புத்தகத்தின் கடைசியைப் பார்த்தார். கத்தி கழுத்தில் இருக்கிறது, கழுதை வாசலில் நிற்கிறது. அதற்கு மேல் தாள் இல்லை. அஸ்கரி ஹைஸ்கூல் சேர்க்கை பாரத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். அவள் இடது கையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. அதன் மேல் கழுதையின் வால் தெரிந்தது.

"கையெழுத்துப் போடுங்க. இதைத் தர்றேன்."

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, நிதானமாகப் போடலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அஸ்கரி பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொள்ளப் போனாள். அவர் பாரத்தில் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார். நாலாவதாக ஏதாவது இடம் இருக்கிறதா என்றும் பார்த்தார்.

பொட்டலத்தில் கற்கண்டு இருந்தது. அதை ஜான் பீயிடம் நீட்டிவிட்டுத் தாளை விரித்தார். கழுதை கடைசி வரைக்கும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பி நின்று உதைத்தது. திருடன் ஜன்னல் வழியாகக் கடலில் போய் விழுந்தான். கேப்டனுக்குக் கல்யாணம் நடந்தது, கழுதைக்கு மிச்சமிருந்த கேக் முழுவதும் கிடைத்தது. அப்துல் கனி இரண்டு தடவை படித்துவிட்டு, நல்ல சாப்பாடு சாப்பிட்டவரைப்போல் மூச்சு விட்டார்.

கட்டிலில் ஷம்ஷாத் கதையை ஆரம்பித்திருந்தாள். வஹிதா பாரத்தை எடுத்து மை காய ஊதிக்கொண்டிருந்தாள். அப்துல் கனி எழுந்து அடுப்படிப் பக்கம் போனார். ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. சீட்டை யாருக்கும் காட்டவில்லை. கிடங்கில் தனியாக உட்கார்ந்து எழுதியது.

"நான் என்ன வார்த்தை கேட்பேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அஸ்கரி அடுப்பில் வாணலியை வைத்து எண்ணெய் ஊற்றினாள்.

"ரெண்டு மாசமா நீங்க வேற எதைப் படிச்சீங்க?"